பாலைவனத்துக்கு ஒரு நடுச்சுவர்

தேரிக்குப் போகிற பஸ்தானே தம்பி? வரும். ஆனால் இப்போதைக்கு வராது. உட்காருங்கள். அங்கே வேண்டாம், இப்படி நடுவில் உட்காருங்கள். ஆமாம், நடுவில்தான். எனக்கும், அந்தக் கடைசியில் மஞ்சள் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கும் நடுவில். அவர் என் சகலை. என் பெண்டாட்டியின் தங்கச்சியைக் கட்டியவர். பெயர் சுயம்புலிங்கம். எனக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது.

பயப்படாதீர்கள், அடிதடி ஒன்றும் இல்லை. உங்களால் எனக்கு ஒரு உதவி ஆகவேண்டும். அந்த ஆளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி.

என் பெண்டாட்டி ராஜகனி இப்போது ராஜஸ்தானில் இருக்கிறாள். பாலைவனம் பார்க்கப் போயிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் போன் செய்தாள். எனக்கு இல்லை, அந்த ஆளுக்கு. எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்தில்தான் டவர் கிடைக்கும். அவர் அங்கே முருங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பேசினார். நான் அடுப்படி ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். தற்செயலாகத்தான். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "சொல்லுங்க மதினி… சரி… அப்படியா… ஐயோ… சரி சரி, சொல்லுதேன்." அவ்வளவுதான், போனை மடியில் கட்டிக்கொண்டார்.

நடுவில் அந்த ஐயோ எதற்கு தம்பி? சொல்லுதேன் என்றாரே, யாரிடம் சொல்ல? என்னிடம்தானே? என்னிடம்தான் அவர் பேச மாட்டாரே! நேற்றிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

பொறுங்கள், பொறுங்கள், அதற்குள் திரும்பிவிடாதீர்கள். விஷயம் தெரியாத ஆள் கேட்டால் அவர் பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்கிவிடுவார். நியாயம் யார் பக்கம் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். பஸ் வர நேரம் இருக்கிறது. அந்தப் பையில் என்ன, பறக்கிற கேமராவா? எங்கள் செம்மணல் தேரியைப் படம் பிடிக்கவா வந்தீர்கள்? நல்ல ஆள் நீங்கள். அது எங்கேயும் போகாது. இதைக் கேளுங்கள்.

எல்லாம் ஒரு நல்லி எலும்பில் ஆரம்பித்தது. என் மாமனார் ஊரில் கோயில் கொடை. கிடா வெட்டி, ஊரே சாப்பிடுகிறது. நான் மூத்த மாப்பிள்ளை. அந்த ஆள் அப்போதுதான் கல்யாணமாகி வந்தவர். ஒரே பந்தியில் அடுத்தடுத்த இலை. என் மாமியார் கறிச்சட்டியோடு வருகிறாள். கரண்டியில் நல்லி எலும்பு தெரிகிறது. என் இலைக்கு நேராகத்தான் வந்தது தம்பி, நான் சோற்றைக் கூட ஒதுக்கி இடம் பண்ணிவிட்டேன். வந்த கரண்டி அப்படியே வளைந்து அந்த ஆள் இலையில் விழுந்தது. எனக்குக் கழுத்துக் கறி.

புது மாப்பிள்ளைக்குத்தான் நல்லி வைப்பது வழக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, வழக்கம்தான். நான் புது மாப்பிள்ளையாக இருந்த வருஷம் அந்த ஊரில் கொடையே நடக்கவில்லை. இரண்டு தெருவுக்குச் சண்டை, கோயிலைப் பூட்டிவிட்டார்கள். அப்படியானால் என் நல்லி எங்கே போயிற்று? இதுவரைக்கும் ஒருத்தனும் பதில் சொல்லவில்லை. அதுகூடப் போகட்டும். அந்த ஆள் அதை உறிஞ்சின சத்தம் இருக்கிறதே… அடிபம்பில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. உறிஞ்சிவிட்டு, இலையில் இரண்டு தட்டுத் தட்டி, மறுபடியும் ஒரு உறிஞ்சல்.

என்ன சொல்கிறார்? எனக்குக் காதில் விழுந்தது, இருந்தாலும் நீங்கள் சொன்னால்தான் கணக்கு. ம். ம். எலும்பை என் பக்கம் நீட்டினாராமா? நீட்டினார் தம்பி, நான் இல்லை என்று சொல்லவில்லை. உறிஞ்சி முடித்த பிறகு நீட்டினார்! காலி எலும்பை! வேண்டுமானால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அன்றைக்கு நின்ற பேச்சு. என் மூத்த பையன் அப்போது தொட்டிலில் கிடந்தான். அவனுக்கே இப்போது காது ஓரம் நரைத்துவிட்டது.

பேச்சு இல்லை என்றால் ஒரேயடியாக இல்லை என்று நினைக்காதீர்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. நடுவில் ஒரு ஆள் வேண்டும். நான் நடு ஆளிடம் சொல்வேன், நடு ஆள் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் பக்கத்திலேயே இருந்து காதால் கேட்டாலும் சரி, நடு ஆள் திருப்பிச் சொன்னால்தான் சொன்னதாகும். கல்யாணம், காதுகுத்து, மாமனார் சாவு, எல்லாவற்றையும் இப்படித்தான் நடத்தினோம். ஒரு குறையும் வரவில்லை. சுவரைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாமே என்று போன வாரம் ஒரு ஈயப் பாத்திரக்காரர் கேட்டார். பேசிப் பார்த்தோம். சுவர் திருப்பிச் சொல்லாதே!

இப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்கும் தங்கச்சிக்கும் இந்தப் பாலைவன ஆசை வந்தது. அவர் பெண்டாட்டி பூங்கனியும் என் பெண்டாட்டியும் சேர்ந்து டிவியில் பார்த்திருக்கிறார்கள். மணல்மேடு, மேட்டுக்குப் பின்னால் ஏரி, மஞ்சள் கல்லில் ஒரு கோட்டை, எங்கிருந்தோ பறந்து வருகிற பெரிய பெரிய நாரை, ஒட்டகம். நான் ராஜகனியிடம் சொன்னேன்: "மணலப் பாக்க அம்புட்டுத் தூரம் போவணுமாட்டி? பொறவாசக் கதவத் தெற, தேரி மொத்தமும் வீட்டுக்குள்ள வந்து கொட்டும்."

"இது செவப்பு மணலு. அது மஞ்ச மணலு" என்றாள்.



நாகர்கோவிலில் ஒரு டூர் ஆபீஸ். அங்கே மெர்சி என்று ஒரு பெண். நல்ல பெண், எதற்கும் கோபப்படாது. அது போனில் பேசும், ராஜகனி போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைப்பாள். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அந்த ஆள். நாலு பேரும் சேர்ந்து போவது என்று முடிவு. அக்கா தங்கச்சி இரண்டு பேரும் அதில் ஒரே பிடி. சரி, போகலாம். ஆனால் அவரோடு நான் எப்படிப் போக முடியும்? அதை ஒழுங்கு பண்ண வேண்டாமா?

முதலில் ஜீப். முன்சீட் ஒன்றுதான் என்றது மெர்சி. மூத்தவன் நான், எனக்குத்தான் என்றேன். அந்த ஆள் தன் பெண்டாட்டியிடம், "எனக்கு மொழங்காலு மடக்க வராதுன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லு" என்றார். கொடை அன்றைக்குப் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார மட்டும் மடங்கியது! ஒரு வாரம் போயிற்று. கடைசியில் மெர்சிதான் வழி சொன்னது. முன்சீட்டில் பையை வைத்துவிடுவது. பைக்கு முன்சீட், எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் இரண்டு ஓரம். அந்த ஆளுக்குக் கிடைக்கவில்லை இல்லையா, எனக்கு அது போதும்.

அடுத்தது கூடாரம். மணலில் கூடாரம் போட்டுத் தங்க வைப்பார்களாம். இரண்டு கூடாரம் போதும் என்றது மெர்சி. போதாது, மூன்று வேண்டும் என்றேன்.

"நடுக் கூடாரத்துல யாரு அங்கிள்?"

"யாருமில்ல. அது சுவரு."

"அங்கிள், பாலைவனத்துக்கு எல்லாரும் வர்றதே சுவரில்லாத இடத்தப் பாக்கத்தான்."

"வர்றவன் வரட்டும். எனக்குச் சுவரு வேணும்."

நடுக் கூடாரம் எழுதியாயிற்று. அப்புறம் கோட்டை. நான் முன்வாசலில் போகிறேன், அவர் பின்வாசலில் வரட்டும் என்றேன். கோட்டைக்கு ஒரே வாசல்தானாம். கட்டினவனுக்குச் சொந்தத்தில் ஒரு சகலை இருந்திருந்தால் இப்படிக் கட்டியிருப்பானா? சரி, காலையில் நான், மத்தியானம் அவர். அப்படியானால் அக்காவும் தங்கச்சியும் எப்போது சேர்ந்து பார்ப்பது? இரண்டு தடவை பார்க்கட்டும். ஏரியில் மிதிக்கிற படகாம், இரண்டு பேர் சேர்ந்து மிதிக்க வேண்டுமாம். ராஜகனிக்குக் கால்வலி. நான் தனியாக மிதிப்பேன் என்றேன். தனியாக மிதித்தால் படகு நின்ற இடத்திலேயே வட்டம் போடும் என்றது மெர்சி. போடட்டும், என்னைக் கொண்டுபோய் எங்கே சேர்க்கப் போகிறது?

மணல்மேட்டில் சூரியன் மறைவது பெரிய காட்சியாம். எல்லோரும் ஒரே மேட்டில் ஒரே திசையைப் பார்த்து உட்கார வேண்டுமாம். அது நடக்காது என்று சொல்லிவிட்டேன். பேசிப் பேசிப் பிரித்துக்கொண்டோம். மறைகிற சூரியன் எனக்கு, உதிக்கிற சூரியன் அவருக்கு. அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவருக்கு நல்லதைக் கொடுத்துவிட்டோமோ என்று மனசு கேட்கவில்லை. மாற்றச் சொன்னேன். மாற்றின பிறகு, விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டுமே என்று பழையபடி மாற்றச் சொன்னேன்.

நாரையைப் பற்றிச் சொல்லும்போதுதான் மெர்சி ஒரு பேச்சுப் பேசியது. "அங்கிள், அந்தப் பறவைங்க எவ்வளவோ தூரத்துலருந்து கூட்டமா, ஒத்துமையா வருதுங்க."

"அதுங்களுக்கு மாமியாரு வீடு கெடையாதும்மா" என்றேன்.

அன்றைக்கு அந்த ஆள் சிரித்துவிட்டார் தம்பி. சிரித்ததை இருமல் மாதிரி மாற்றினார். நான் பார்த்துவிட்டேன். என்ன, இப்போது சொல்கிறாரா? அது இருமல்தானாமா? இருக்கட்டும்.

எனக்கென்று ஒரே ஒரு ஆசைதான் அந்த ஊரில் இருந்தது. மரம் கல்லாகிக் கிடக்கிற ஒரு இடம் உண்டாம். ஒரு காலத்தில் காடாக நின்ற மரம், விழுந்து, அசையாமல் கிடந்து கிடந்து அப்படியே கல்லாகிவிட்டதாம். எத்தனை உறுதி பாருங்கள். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

ராஜகனிக்கு என்ன ஆசை என்று கேட்கிறீர்களா? ஒட்டகம். ஏன் ஒட்டகம் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் நான் வெளியே போய்விட்டு வரும்போது அவள் மெர்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. சின்ன வயசில் அவள் தெருவுக்கு ஒருத்தன் ஒட்டகம் கொண்டுவந்திருக்கிறான். பிள்ளைகளை எல்லாம் ஏற்றித் தெருக்கோடி வரை கூட்டிப் போயிருக்கிறான். இவள் அந்த வாரம்தான் பெரியமனுஷி ஆகி ஓலைக் குச்சிலுக்குள் உட்கார்ந்திருந்தாள். வெளியே வரக்கூடாது. ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தாளாம். பூங்கனி ஒட்டகத்து மேல் போவது தெரிந்ததாம், முகம் மட்டும், வேலிக்கு மேலே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். "நான் அழுவலம்மா. ஆனா அதுக்கப்புறம் எதையும் ஏறிப் பாக்கணும்னு தோணல" என்று சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன் நான், என்னிடம் சொல்லாமல் முன்பின் தெரியாத பெண்ணிடம் ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒங்ககிட்டச் சொல்ல ஆரம்பிச்சா நீங்க நல்லி எலும்புக்குப் போயிருவீய" என்றாள்.

போவேனா தம்பி நான்? அதுவும் இதுவும் ஒன்றா? ஒட்டகம் என்ன, தெருத்தெருவாக இன்னொரு தடவை வரும். கொடையன்றைக்கு ஒரு கிடாய்க்கு எத்தனை நல்லி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லா ஏற்பாடும் முடிந்தபோது மெர்சிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஆன்ட்டி, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் உங்க ஊர்த் தேரியிலயே ஒத்திகை பாத்துருங்களேன்" என்றது. தேரியும் மணல், அதுவும் மணல். நாலு பேரும் போனோம். ராஜகனி புளிச்சோறு கட்டினாள், அவித்த முட்டை, ஒரு குடை. பஸ்ஸில் நான் முன்படியில் ஏறினேன், அவர் பின்படியில். எல்லாம் திட்டப்படி.

அங்கே ஒரு கொல்லா மரத்தடியில், முந்திரியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், பெண்கள் இரண்டு பேரும் சேலை முந்தானையை விரித்து உட்கார்ந்தார்கள். நான் ஒரு மேட்டில் ஏறினேன். அந்த ஆள் எதிர் மேட்டில் ஏறினார். நடுவில் பள்ளம். இறங்கி வருகிற வழி ஒன்றுதான், அந்தப் பள்ளம் வழியாகத்தான் மரத்தடிக்கு வரவேண்டும். மெர்சியின் திட்டத்தில் ஏறுவதைப் பற்றித்தான் இருந்தது தம்பி. யார் முதலில் இறங்குவது என்று பேசவே இல்லை. இரண்டு பேரும் ஒன்றாக இறங்கினால் பள்ளத்தில் நேருக்கு நேர் முட்டிக்கொள்ள வேண்டும். நான் முதலில் இறங்கினால், அவருக்குப் பணிந்து இறங்கினதாகிவிடும்.

நான் நின்றேன். அவரும் நின்றார்.

வெயில் ஏறுகிறது. உங்களுக்குத் தேரி மணலைத் தெரியாது, இன்றைக்குப் போய்ப் பார்ப்பீர்கள், மத்தியானத்தில் சோளம் பொரிக்கலாம். என் செருப்பு மணலுக்குள் போய்விட்டது. காற்று வந்து காலைச் சுற்றிக் குவிக்கிறது. கணுக்கால் வரைக்கும் நான் மேட்டோடு மேடாகிவிட்டேன். அந்த ஆள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். அவர் உட்காரவில்லை, நான் எப்படி உட்காருவேன்?

பூங்கனி கத்தினாள்: "ஏ அத்தான், எறங்கி வாங்க, சோறு ஆறுது!"

"ஒன் வீட்டுக்காரர மொதல்ல எறங்கச் சொல்லு!" என்றேன்.

அவள் அவரிடம் கத்தினாள். அவர் என்னை முதலில் இறங்கச் சொல்லிக் கத்தினார். அவள் திருப்பி என்னிடம் கத்தினாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அப்புறம் ராஜகனி எழுந்து வந்தாள். கையில் குடை. பள்ளத்து நடுவில் வந்து நின்று இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். குடையை விரித்து மணலில் குத்தி வைத்துவிட்டு மரத்தடிக்குத் திரும்பிப் போய்விட்டாள். யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். எடுத்தோமா? அது எப்படி எடுப்பது? அவர் பெண்டாட்டியின் அக்கா வைத்த குடை என்றாலும் என் வீட்டுக் குடை. அவர் எடுப்பாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எடுப்பேனோ என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காற்று வந்தது. குடை பிடுங்கிக்கொண்டு உருண்டது. உருண்டு, எழும்பி, உடைமரத்துப் பக்கமாகப் போயே போய்விட்டது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

அக்காவும் தங்கச்சியும் சாப்பிட்டார்கள். கை கழுவினார்கள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகும் நாங்கள் நின்றோம் தம்பி. பனை நிழல் நீண்டு பள்ளம் முழுக்க மூடிவிட்டது. கடைசியில் ஒரு கீதாரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆடுகள் பள்ளத்தில் நிறைந்ததும் இரண்டு பேரும் இறங்கினோம். நடுவில் ஆடு இருந்தது, அதனால் முட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போனேன். ராஜகனி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் கொப்புளத்துக்கு எண்ணெய் வைத்தாள். அவள் ஒன்றும் கேட்காதது எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. நான் முதலில் இறங்கவில்லை இல்லையா, அது அவளுக்கும் பெருமைதானே என்று நினைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து நானே மெர்சிக்குப் போன் செய்தேன். மூன்று கூடாரத்தில் நடுக் கூடாரம் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லது என்று சொல்லத்தான்.

"ஆன்ட்டி சொல்லலயா அங்கிள்? ரெண்டு டிக்கெட்டா மாத்திட்டாங்க. அவங்களும் அவங்க தங்கச்சியும் மட்டும். ஒரே கூடாரம், ஒரே ஜீப். பத்து நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றது. அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை.

ராஜகனியிடம் கேட்டேன். "ஆமா" என்றாள். பெட்டியில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "நீ படி எறங்குனா ஒங்கூடவும் எனக்குப் பேச்சு கெடையாது" என்றேன். எத்தனை பெரிய வார்த்தை தம்பி அது! நின்று அழுவாள், பெட்டியைக் கீழே வைப்பாள் என்று பார்த்தேன். மடித்த சேலையை ஒரு தட்டுத் தட்டி உள்ளே வைத்துவிட்டு, "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

போகும்போது ஒரு வேலை செய்துவிட்டுப் போனாள். பூங்கனி வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது, அதனால் அந்த ஆளும் எங்கள் வீட்டிலேயே இருந்து சாப்பிடட்டும் என்று ஏற்பாடு. தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இட்லிப் பொடி, ஊறுகாய், வத்தல் எல்லாம் டப்பாவில். ஒரு அடுப்பு, இரண்டு ஆம்பிளை, நடுவில் ஆள் இல்லை.

முதல் நாள் நான் ஒரு உலை வைத்தேன், அவர் ஒரு உலை வைத்தார். சோறு நாய்க்குப் போயிற்று. மறுநாள் அவர் வைப்பார் என்று நானும் நான் வைப்பேன் என்று அவரும் இருந்து, பொடியை மட்டும் நக்கினோம். உப்பு ஜாடி எங்கே என்று எனக்குத் தெரியாது. ராஜகனி அவருக்குச் சொல்லியிருப்பாள், ஆனால் கேட்க ஆள் வேண்டுமே. அதனால்தான் தம்பி, தினமும் காலையில் இரண்டு பேரும் இந்த பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுகிறோம். யாராவது ஒரு வெளியூர் ஆள் வருவார். நடுவில் உட்கார வைத்து அன்றைக்கு வேண்டியதைப் பேசி முடித்துவிடுவோம். ஒரு வளையல்காரி வந்தாள், உப்பு தெரிந்தது. மோட்டார் சுவிட்ச் பற்றி ஒரு சாமியாரை வைத்துப் பேசினோம். ஒருநாள் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து இறங்கியது, ஒரு வாரத்துக்கு உண்டானதை அன்றைக்கே பேசிவிட்டோம். நடுவில் உட்கார வைத்த பெண் வீட்டுக்காரர்தான் பாவம், தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரோ என்னவோ.

ஏன் என் பெண்டாட்டிக்கு நானே போன் செய்யக்கூடாது என்கிறீர்களா? எப்படிச் செய்வேன்? பேச்சு கிடையாது என்று சொல்லியாயிற்றே. அவளும் அதனால்தான் அந்த ஆளுக்குச் செய்கிறாள். முறை தெரிந்தவள். இப்போது அவளுக்கும் எனக்கும் நடுவில் அந்த ஆள். அந்த ஆளுக்கும் எனக்கும் நடுவில் நீங்கள். புரிந்ததா? இப்போது கேளுங்கள். "மதினி நேத்து என்ன சொன்னாங்க"ன்னு கேளுங்கள். ஐயோ என்றது எதற்கு என்றும் கேளுங்கள். அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா? கீழே எங்கேயும் விழுந்துவிட்டாளா? அங்கே வெயில் எப்படி, குடைகூட இல்லை அவளிடம். கேளுங்கள் தம்பி.

ம்.

என்ன சொல்கிறார்? எனக்குச் சரியாக விழவில்லை, நிஜமாகவே விழவில்லை, பஸ் சத்தம். திருப்பிச் சொல்லுங்கள்.

நடுவில் ஆள் வைத்துக் கேட்டால் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறாளா? ராஜகனியா? நானே அவர் முகத்தைப் பார்த்து, பேரைச் சொல்லிக் கேட்டால்தான் சொல்ல வேண்டுமாம். அதுதான் ஐயோவா? அதற்குத்தான் அவர் ஐயோ என்றாரா, கேளுங்கள்.

ஐயோ வேறாமா?

வேறு என்றால் என்ன வேறு? நல்ல ஐயோவா, கெட்ட ஐயோவா, அதை மட்டும் கேளுங்கள். அதைச் சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது? வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாரே. பாருங்கள், பாருங்கள், சிரிக்கிறார். இல்லை, இருமுகிறாரா?

தம்பி, தம்பி, எழுந்திருக்காதீர்கள். அது உங்கள் பஸ்தான், ஆனால் அடுத்த பஸ்ஸும் அங்கேதான் போகிறது. சாயங்கால வெளிச்சம் இன்னும் நல்லா இருக்கும் படத்துக்கு. வெளிச்சம் போய்விடுமா? ஒரு நாள் வெளிச்சம்தானே தம்பி. சரி. சரி, உங்களைப் பிடித்து வைக்க நான் யார். கண்டக்டரிடம் சொல்லிக் கேட்கச் சொல்லலாமே என்கிறீர்களா? முடியாது. சில்லறை விஷயத்தில் அவனோடும் பேச்சு கிடையாது. ஏறுங்கள். பையைப் பார்த்து, படி உயரம்.

தம்பி, அங்கே உடைமரத்துப் பக்கம் ஒரு கறுப்புக் குடை கிடந்தால்… வேண்டாம், விடுங்கள். போய்ட்டு வாங்க.

போய்விட்டான்.

ஒரு மனுஷனைக் காணோம். ஒரு ஆட்டைக்கூடக் காணோம்.

…

வே.

வே சுயம்பு. ஆமா, ஒம்மத்தான். அங்கயும் இங்கயும் என்னத்தப் பாக்கீரு, இங்க வேற யாரு இருக்கா? துண்ட எடுத்துட்டுக் கொஞ்சம் இப்படி நவுந்து உக்காரும்.

என்னவே சொன்னா அவ? மொதல்லருந்து சொல்லும். ஒரு வார்த்த விடாமச் சொல்லும்.